விழுந்த பிள்ளை அழும், சிக்கிய பிள்ளை அழாது

காற்றில் தொங்கும்போது விழாத பிள்ளை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் கரிசல்காட்டு ஊர்களில் கைக்குழந்தை இருக்கும் வீட்டை வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். விட்டத்துக் கொக்கியிலோ வேப்பமரக் கிளையிலோ நூல்சேலை ஒன்று தொட்டிலாகத் தொங்கும். தரைக்கும் அதற்கும் நடுவே வெறும் காற்று. சுற்றிலும் கம்பி இல்லை, பலகை இல்லை. ஆனாலும் உள்ளே கிடக்கும் பிள்ளை மணிக்கணக்கில் விழாமல் தூங்குகிறது.

அதே பிள்ளைக்கு இரண்டு வயது ஆகிறது. தொட்டிலில் கால் இடிக்கிறது. அல்லது தம்பியோ தங்கையோ பிறந்து தொட்டில் கைமாறிவிடுகிறது. நாலடி அகலக் கட்டிலின் நட்டநடுவில் பிள்ளையைக் கிடத்திவிட்டு எல்லாரும் கண்ணயர்கிறார்கள். நள்ளிரவில் தொப்பென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பிள்ளை தரையில் கிடந்து அழுகிறது.

ஒற்றைச் சேலைக்குள் விழாத பிள்ளை இவ்வளவு அகலமான கட்டிலில் ஏன் விழுகிறது? சுற்றித் தலையணைகளை அடுக்கினால் போதுமா? கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டால் சரியாகுமா? அப்பத்தா சொல்கிறபடி பேசாமல் தரையிலேயே பாயை விரித்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விகள் எல்லா வீட்டிலும் எழுகின்றன. இவற்றுக்கு அறிவியல் தரும் விடைகளில் ஒன்றிரண்டு நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானவை.

பள்ளம் செய்யும் வேலை

ஒரு கிண்ணத்துக்குள் கோலிக்குண்டைப் போட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள். குண்டு எந்தப் பக்கம் ஏறினாலும் திரும்ப நடுவுக்கே உருண்டு வரும். சேலைத் தொட்டிலிலும் இதுதான் நடக்கிறது. பிள்ளையின் எடையே துணியை இழுத்து நடுவில் ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. புரண்டு விளிம்புக்குப் போக வேண்டுமானால் பிள்ளை தன் உடம்பையே மேல்நோக்கித் தூக்கியாக வேண்டும். தூக்கத்தில் அது நடக்காது. கொஞ்சம் ஏறினாலும் சொந்த எடையே மறுபடி நடுவில் கொண்டுவந்து விட்டுவிடும்.

சமதளமான கட்டிலில் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. ஒரு முறை புரண்டால் புரண்ட இடத்திலேயே பிள்ளை தங்கிவிடுகிறது. அடுத்த புரளல் அங்கிருந்து தொடங்குகிறது. ஓர் இரவில் பிள்ளை பல முறை புரளும். அவற்றில் சில ஒரே திசையில் அமைந்துவிட்டால் நாலடி அகலமும் போதாது.

அதே கட்டிலில் படுக்கும் பெரியவர்கள் ஏன் விழுவதில்லை? நாம் தூங்கும்போதும் மூளை முழுவதாக ஓய்வெடுப்பதில்லை. தோலும் தசையும் மூட்டுகளும் தொடர்ந்து செய்தி அனுப்புகின்றன. கை விளிம்புக்கு வெளியே தொங்கினால் உடம்பு தானாகத் திரும்பிப் படுக்கிறது. இது பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த திறமை. சின்னப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இன்னும் அமையவில்லை. அதோடு, ஆழ்ந்த உறக்கத்தில் கழியும் நேரமும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம். ஆகவே கட்டிலிலிருந்து விழும் பிள்ளை சேட்டைக்காரப் பிள்ளை இல்லை. அதைக் கண்டிப்பதில் பயன் கிடையாது. படுக்கையைத்தான் மாற்ற வேண்டும்.

நம் ஊர் நார்க்கட்டிலும் கயிற்றுக் கட்டிலும் நடுவில் சற்றுத் தொய்ந்திருக்கும். அந்தத் தொய்வும் ஒரு சிறு பள்ளம்தான் என்பதால் வளர்ந்த பிள்ளை அதிலிருந்து உருண்டு விழுவது குறைவு. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இதே தொய்வு ஆகாது. முகவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சுக்குழல் மடங்கலாம். முகம் துணியில் புதையலாம். விழாமல் காக்கும் சேலைத் தொட்டிலின் பள்ளத்திலும் இந்த ஆபத்து உண்டு. அந்த வயதில் மல்லாந்து படுக்க, சமமான, அமுங்காத படுக்கையே பாதுகாப்பு. இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

மாற்றும் காலம்

கம்பி போட்ட மரத்தொட்டில் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஓர் அளவு சொல்கிறது. பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 89 சென்டிமீட்டர் ஆனதும் கட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கம்பியைத் தாண்டி ஏறும் பலம் வந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் 86, 87 சென்டிமீட்டர். அதாவது இரண்டு வயதைக் கடந்த சில மாதங்களில் இந்தக் கட்டம் வரும். அதற்கு முன்பே பிள்ளை ஏறிக் குதிக்கத் தொடங்கினால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

சேலைத் தொட்டிலுக்கு இந்த அளவு பொருந்தாது. அதற்கு அடையாளம் பிள்ளையின் கை. தானாக எழுந்து உட்கார்ந்து துணியைப் பற்றி நிற்கப் பார்க்கும் நாளில் பள்ளத்தின் காவல் முடிந்துவிடுகிறது. எழுந்து நின்ற பிள்ளையின் எடை தொட்டிலின் ஓரத்துக்குப் போய்விடும். அப்போது தொட்டில் கவிழும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகாவிட்டாலும் அன்றிலிருந்து அமுங்காத தாழ்ந்த படுக்கைதான் அதன் இடம்.

ஒரு வீழ்ச்சியின் கணக்கு

சந்தையில் கிடைக்கும் சாதாரண மரக்கட்டிலில் மெத்தையையும் போட்டால் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கீழே சிமென்ட் தரையோ டைல்ஸோ. இரண்டு வயதுப் பிள்ளை இதிலிருந்து உருண்டால் தரையைத் தொட மூன்றில் ஒரு நொடி ஆகும். அந்த நேரத்தில் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டரை எட்டுகிறது. விழித்திருக்கும் தாய் கை நீட்டிப் பிடிக்கக்கூட அந்த நேரம் போதாது.

காயத்தைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமே என்று நினைக்கிறோம். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதும் அதே அளவு முக்கியம். தரையைத் தொட்ட கணத்திலிருந்து முற்றிலும் நிற்கும்வரை தலை நகரும் தூரத்தை ‘நிறுத்தத் தொலைவு’ என்று அழைப்போம். சிமென்ட் தரை அமுங்காது. தலைத்தோல் கொஞ்சம் நசுங்குவதோடு சரி. அரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒரே ஒரு வகுத்தல். விழுந்த உயரத்தை நிறுத்தத் தொலைவால் வகுத்தால், தலையின் எடையைப் போல் எத்தனை மடங்கு விசை சராசரியாக அதைத் தாக்குகிறது என்பது கிடைத்துவிடும். 60 சென்டிமீட்டரை அரை சென்டிமீட்டரால் வகுத்தால் 120 மடங்கு.

இப்போது கட்டிலை மாற்றாமல் தரையை மட்டும் மாற்றுவோம். கட்டிலோரம் பஞ்சு மெத்தை ஒன்றைப் போடுகிறோம். அது மூன்று சென்டிமீட்டர் அமுங்கினால் 60ஐ 3ஆல் வகுக்க வேண்டும். தாக்கம் 20 மடங்காக இறங்குகிறது.

தரையை விட்டுவிட்டு உயரத்தை மாற்றுவோம். கட்டிலை எடுத்துவிட்டு 10 சென்டிமீட்டர் கனமுள்ள மெத்தையைத் தரையிலேயே போடுகிறோம். பிள்ளை சிமென்ட் தரையில் உருண்டாலும் 10ஐ அரையால் வகுத்தால் அதே 20 மடங்கு. இரண்டையும் சேர்த்துச் செய்தால், அதாவது தாழ்ந்த மெத்தையின் ஓரத்தில் அமுங்கும் விரிப்பும் போட்டால், மூன்று மடங்குக்குச் சற்று மேல். தாக்கத்தின் உச்சம் ஒரு கணம் இந்தச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் ஒப்பீடு மாறாது. விலை உயர்ந்த கட்டில் வாங்குவதால் கிடைக்காத பாதுகாப்பு, இருக்கிற கட்டிலின் காலை அறுத்து உயரத்தைப் பாதியாக்கினால் கிடைத்துவிடுகிறது.

சின்னப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு கூடுதலாக முக்கியப்படுவதற்கு உடலமைப்பு காரணம். பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்பங்கு தலை. இரண்டு வயதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு எட்டில் ஒரு பங்குக்கு அருகில். தலை கனமாக இருப்பதால் பிள்ளை விழும்போது தலை முந்திக்கொள்கிறது.

பயப்பட வேண்டியது எதற்கு?

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகு ஆறுதலான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1977ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரே ஹெல்ஃபரும் அவர் குழுவினரும் படுக்கையிலிருந்து விழுந்த ஐந்து வயதுக்குட்பட்ட 246 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குக் காயமே இல்லை. சிலருக்கு எலும்பு முறிவு. உயிருக்கு ஆபத்தான மூளைக்காயம் ஒருவருக்கும் இல்லை. கட்டில் உயரத்திலிருந்து விழும் பிள்ளை அநேகமாக அழுதுவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது.

உயிரைப் பறிப்பது வேறொன்று. விழக் கூடாதே என்று நாம் செய்யும் ஏற்பாடுகளில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. பிள்ளையின் உடம்பு நுழையும், தலை நுழையாது என்ற அளவில் அமைந்த சந்துக்குப் ‘பொறி இடுக்கு’ என்று பெயர் வைப்போம். சுவரோரம் தள்ளிய கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, மெத்தைக்கும் தடுப்புப் பலகைக்கும் நடுவே, தலைமாட்டுப் பலகையின் கம்பிகளுக்கு நடுவே இது உருவாகிறது.

நடப்பது இதுதான். தூங்கும் பிள்ளை சுவர்ப்பக்கம் உருள்கிறது. அதன் எடையில் மெத்தையின் ஓரம் அமுங்குகிறது. வழவழப்பான டைல்ஸில் கட்டில் சற்று விலகுகிறது. படுக்கும்போது இரண்டு விரல் அகலமே இருந்த சந்து இப்போது நாலு விரலுக்கும் மேல் ஆகிவிட்டது. கால் முதலில் இறங்குகிறது. இடுப்பும் நெஞ்சும் நெருங்கி வழுகி இறங்குகின்றன. தலை மட்டும் நின்றுவிடுகிறது. உடம்பின் எடை முழுதும் கழுத்திலும் முகவாயிலும் தொங்குகிறது. வாயும் மூக்கும் மெத்தையில் அழுந்துகின்றன. சத்தம் வராது. பக்கத்திலேயே படுத்திருக்கும் தாய்க்குக்கூடத் தெரியாது.

அமெரிக்காவில் அடுக்குக் கட்டில்களுக்கு விதி வகுத்தவர்கள் இதற்கு ஓர் எண்ணைக் கண்டார்கள். மூன்றரை அங்குலம், அதாவது சுமார் ஒன்பது சென்டிமீட்டர். அதைவிடப் பெரிய சந்தில் சின்னப் பிள்ளையின் உடம்பு இறங்கிவிடும். குழந்தைத் தொட்டிலின் கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் விடக் கூடாது என்ற விதியும் இதே காரணத்தால் வந்தது. பக்கவாட்டுக் கம்பியை இறக்கி ஏற்றும் தொட்டில்கள் அங்கே 2011ஆம் ஆண்டில் அடியோடு தடை செய்யப்பட்டன. இறக்கும் பக்கம் கழன்று, மெத்தைக்கும் அதற்கும் நடுவே குழந்தைகள் சிக்கி இறந்ததே காரணம்.

ஆகவே சந்து இருந்தால் அறவே இல்லாமல் அடைக்க வேண்டும். முடியாவிட்டால் தலையும் தாராளமாகக் கடக்கும்படி ஓர் அடிக்கு மேல் விலக்க வேண்டும். இரண்டுக்கும் நடுப்பட்ட அகலம்தான் ஆபத்து. சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போட்ட கட்டிலில் பிள்ளை விழலாம். விழுந்த பிள்ளை அழும். நாம் எழுந்து ஓடிவருவோம். சிக்கிய பிள்ளைக்கு அழ மூச்சு இருக்காது. தலையணைகளை அணையாக அடுக்குவதிலும் இதே சிக்கல் உண்டு. சின்னக் குழந்தையின் முகம் அவற்றில் புதையும். பெரிய பிள்ளை அவற்றின்மீது ஏறி இன்னும் அதிக உயரத்திலிருந்து விழும்.

அவிழ்க்காமல் விட்ட தொட்டில்

பிள்ளை கட்டிலுக்கு மாறிய பிறகும் பல வீடுகளில் தொட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த குழந்தைக்காகவோ, பகலில் விளையாடட்டும் என்றோ விட்டுவைப்பார்கள். நாலு வயது, ஐந்து வயது, சமயத்தில் பத்து வயதுப் பிள்ளைகூட அதில் உட்கார்ந்து சுழன்று சேலையை முறுக்கும். முறுக்கிய துணி பிரியும்போது சுற்றுவதில் பிள்ளைக்கு ஓர் ஆனந்தம். ஒரு சுற்றில் துணி கழுத்தில் விழுந்தால் அந்த முறுக்கு அவிழாமல் இறுகுகிறது. இப்படிப் பிள்ளைகள் இறந்த செய்தியைத் தமிழ்நாட்டு நாளிதழ்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

தொங்கினால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். கழுத்தின் சிரைகளை அடைக்க, பெரியவர்களுக்கே சுமார் இரண்டு கிலோ எடையின் இழுவை போதும். நான்கைந்து கிலோவில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அடைபடும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளை கால் தரையில் ஊன்றிய நிலையிலேயே, சற்றே சாய்ந்தாலும் இந்த இழுவை வந்துவிடுகிறது. சுமார் பத்து நொடியில் நினைவு தப்பும். அதன் பிறகு பிள்ளையால் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது.

கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் சேலையைக் கொக்கியிலிருந்து கழற்றி மடித்து வைத்துவிடுங்கள். கழற்ற முடியாத கட்டாக இருந்தால் எட்டாத உயரத்துக்குச் சுருட்டி முடிந்துவிடுங்கள். கட்டிலுக்கு மாறும் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய முதல் பாதுகாப்பு, கட்டிலைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

தரையில் விரித்தால்

உயரமே இல்லாவிட்டால் வீழ்ச்சியும் இல்லை. அப்பத்தாவின் பாய் இந்த வகையில் சரியான அறிவியல். ஆனால் குண்டாற்றுப் பக்கத்து மானாவாரிக் காட்டில் தரை காலியாக இருப்பதில்லை. சீமைக்கருவேல விறகு அடுக்கு, தானிய மூட்டை, கோழிக்கூடு என்று வீட்டை ஒட்டி எலியும் பல்லியும் தங்க இடங்கள் உண்டு. அவற்றைத் தேடி இரவில் கட்டுவிரியன் வருகிறது. பகலில் சோம்பிச் சுருண்டு கிடக்கும் இந்தப் பாம்பு, இருட்டிய பின் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் தூங்குபவர் புரளும்போது கடிக்கிறது. இலங்கையின் வறண்ட மாவட்டங்களிலும் கட்டுவிரியன் கடி பெரும்பாலும் தரையில் தூங்கியவர்களுக்கே நேர்கிறது.

இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

கட்டுவிரியன் கடி அநேகமாக வலிக்காது. பல்தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தரையில் படுத்த பிள்ளை நடுராத்திரியில் வயிற்றுவலி என்று எழுந்தால், வாந்தி எடுத்தால், இமை தானாகச் சரிந்தால், பேச்சுக் குழறினால், தடம் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம். 108ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தரைப் படுக்கையின் நன்மையை விடாமல் இந்த ஆபத்தைத் தடுக்க முடியுமா? முடியும். தென்கிழக்கு நேபாளத்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைவதைக் காட்டியது. வலையின் விளிம்பைப் பாய்க்கும் மெத்தைக்கும் அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். செருகாமல் தொங்கவிட்ட வலை கொசுவையும் தடுக்காது, பாம்பையும் தடுக்காது. விரிக்கும் முன் பாயை உதறும் நம் வழக்கத்தைக் கைவிடக் கூடாது. தேளுக்கு அதுவே தடுப்பு. செந்தேள் கொட்டினால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளையே அது மோசமாகப் பாதிக்கிறது. கட்டிலில் படுத்தாலும் போர்வை தரையைத் தொடும்படி தொங்கக் கூடாது; பாம்பு ஏற அதுவே படி.

மொட்டை மாடி இரவுகள்

சித்திரை வைகாசியில் வீட்டுக்குள் காற்று நின்றுவிடும். குடும்பமே மொட்டை மாடிக்குப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போகும். தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரம். முன்பு போட்ட அதே வகுத்தலைச் செய்து பாருங்கள்: கீழே சிமென்ட் என்றால் தாக்கம் 700 மடங்கு. கட்டிலிலிருந்து விழுவதற்கும் இதற்கும் ஒப்பே கிடையாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு மாடியின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. பாதி கட்டி நிற்கும் வீடுகளில் அந்தச் சுவரே இருப்பதில்லை. இருந்தாலும் அதை ஒட்டிக் கட்டிலைப் போட்டால் ஒரு மீட்டர் சுவர் பிள்ளைக்கு அரை மீட்டருக்கும் குறைந்த சுவராகிவிடும்.

நியூயார்க் நகரம் இதே பாடத்தை 1970களில் கற்றது. கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கிய வீடுகளிலிருந்து பிள்ளைகள் விழுந்து இறந்தார்கள். நகரச் சுகாதாரத் துறை பிராங்க்ஸ் பகுதியில் ஜன்னல் கம்பிகளை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. வீழ்ச்சிகள் பாதியாகக் குறைந்தன. 1976இல் சின்னப் பிள்ளைகள் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குக் கம்பி கட்டாயம் என்று சட்டம் வந்தது. கவனமாக இருங்கள் என்ற அறிவுரை சாதிக்காததை ஒரு கம்பி சாதித்தது. சுவர் இல்லாத மாடியில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். சுவர் இருந்தால் அதிலிருந்து நன்றாகத் தள்ளிப் படுங்கள். படிக்கட்டுப் பக்கம் பெரியவர் ஒருவர் படுக்கட்டும்.

எழுந்து நடக்கும் பிள்ளை

தொட்டிலில் கிடந்த பிள்ளை விழித்ததும் அழும். கட்டிலுக்கு வந்த பிள்ளை விழித்ததும் இறங்கி நடக்கும். இந்த ஒரு மாற்றம் வீடு முழுவதையும் மாற்றிவிடுகிறது. இனி இரவில் பிள்ளை போகக்கூடிய இடங்கள் எல்லாம் படுக்கையின் பகுதிதான்.

நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். குழாயில் பல நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை அண்டாவிலும் டிரம்மிலும் தரைத்தொட்டியிலும் பிடித்து வைக்காமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது. தலை கனமான பிள்ளை வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் நிமிர முடியாது. அரைவாளித் தண்ணீர் உயிரை எடுக்கப் போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிள்ளையால் தூக்க முடியாத மூடி வேண்டும். வெறும் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அருப்புக்கோட்டையின் நெசவாளர் வீடுகளில் குழித்தறி இருந்தால், கால் மிதிக்கும் குழியை இரவில் பலகையால் மூடிவிட வேண்டும்.

மேசையில் நிற்கும் டிவி, ஸ்டூலில் ஓடும் டேபிள் ஃபேன், கைக்கெட்டும் பிளக்கில் செருகிய கொசு மருந்து, அதன் மாற்றுப் பாட்டில் எல்லாம் அடுத்தவை. அலமாரியின் இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும் பிள்ளைகள்மேல் அவை கவிழ்ந்து விழுந்ததால், 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. சுவரில் ஓர் ஆணியும் கம்பியும் கொண்டு அலமாரியைப் பிணைத்துவிட்டால் அந்த ஆபத்து தீர்ந்தது.

ஆசாரியிடம் என்ன சொல்வது?

புதுக் கட்டில் செய்யக் கொடுத்தாலும் பழையதைத் திருத்தக் கொடுத்தாலும் இந்த அளவுகளைச் சொல்லுங்கள். மெத்தையோடு சேர்த்து உயரம் ஓரடிக்கு மேல் வேண்டாம். மெத்தை சட்டத்துக்குள் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் அளவு தவறு. தடுப்புப் பலகை மெத்தைக்கு மேல் குறைந்தது 13 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். அதைக் கட்டிலின் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் செருகிவிடும் தடுப்பு விலகிப் பொறி இடுக்காகும். கம்பி வைத்தால் இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்குள். பக்கவாட்டில் பிள்ளை தானாக இறங்க ஓரடிக்கு மேல் வழி விட வேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் பிள்ளை தடுப்பின்மேல் ஏறித்தான் இறங்கும். கயிற்றுக் கட்டிலானால் கால்மாட்டில் கயிற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே விடும் பெரிய சந்தை நெருக்கமாகப் பின்னச் சொல்லுங்கள்.

கடையில் கிடைக்கும் செருகு தடுப்புகள் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு உரியவை இல்லை. தானாக ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே அவை பொருந்தும். பகலில் ஒரு பாடமும் சொல்லிக்கொடுக்கலாம்: கட்டிலில் குப்புறப் படுத்து, காலை முதலில் தொங்கவிட்டு, பின்பக்கமாக வழுகி இறங்குவது. சில நாளில் பிள்ளை கற்றுக்கொண்டுவிடும்.

விழுந்துவிட்டால்

அழுது, பால் குடித்து, வழக்கம்போல் விளையாடினால் வீட்டிலேயே ஒரு நாள் கவனித்தால் போதும். நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ நீரோ ரத்தமோ கசிந்தாலோ, தலையின் பக்கவாட்டில் மெத்தென்ற வீக்கம் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையானால் சந்தேகம் வந்தாலே போய்விடுவது நல்லது.

இத்தனைக்கும் பெரிய செலவில்லை. தொட்டிலை அவிழ்ப்பது, உயரத்தைக் குறைப்பது, சந்தை அடைப்பது, வலையைச் செருகுவது, தண்ணீரை மூடுவது. இந்த ஐந்தையும் ஒரே மாலையில் செய்து முடிக்கலாம். நம் தடுப்பூசி அட்டவணையில் 16 முதல் 24 மாதம் வரையிலான ஊக்கத் தவணை, பிள்ளை தொட்டிலை விடும் காலத்திலேயே வருகிறது. ஊசி போடும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அன்றைக்கு ஒவ்வொரு தாயிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: தொட்டிலை அவிழ்த்துவிட்டீர்களா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு சந்து இருக்கிறது? அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், இதைப் படிக்கும் நீங்கள் இன்றைக்கே பக்கத்து வீட்டில் கேளுங்கள்.